மரண தண்டனையின் அறத்தையும் நியாயத்தையும் கவிதை எப்படிக் கேள்வி கேட்கிறது?

மரண தண்டனைக்கு எதிராகச் சட்ட நூல்களிலும் தீர்ப்புகளிலும் புள்ளிவிவரங்களிலும் வேண்டிய அளவு வாதங்கள் இருக்கும்போது கவிதையால் அதற்கு மேல் என்ன செய்துவிட முடியும், இரக்கத்தைக் கிளறுவதைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டா என்பது கேள்வி. உண்டு என்பதே என் பதில். ஒரு மனிதனைச் சட்டப்படி கொல்வதற்கு இரண்டு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. கொல்லப்படுபவன் ஒரு வழக்கு எண்ணாகவும் ஒரு குற்றத்தின் பெயராகவும் மட்டுமே தெரிய வேண்டும். கொல்பவர் யார் என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியக் கூடாது. காவல்துறை விசாரிக்கிறது, அரசு வழக்குரைஞர் வாதிடுகிறார், நீதிபதி சட்டப் பிரிவைச் சுட்டுகிறார், மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்கிறது, கருணை மனு மேசைக்கு மேசை நகர்கிறது, கடைசியில் ஒருவர் நெம்புகோலை இழுக்கிறார். இவர்களில் யாரைக் கேட்டாலும் தம் கடமையைச் செய்ததாகச் சொல்ல இடமிருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் துப்பாக்கியால் சுட்டுத் தண்டனை நிறைவேற்றும்போது, சுடும் ஐவரில் ஒருவருடைய துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போடப்படுகிறது. தன்னுடையதுதான் அந்த வெற்றுத் தோட்டா என்று ஐவரில் ஒவ்வொருவரும் நம்பிக்கொள்ளலாம். நல்ல கவிதை இந்த இரண்டு ஏற்பாடுகளையும் குலைக்கிறது. சாகப்போகிறவனை அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கொல்பவரைப் பெயர் சொல்லி, அல்லது 'நீ' என்று, அழைக்கிறது.

மேலே போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நியாயம் பற்றிய கேள்வி வேறு, அறம் பற்றிய கேள்வி வேறு. சரியான ஆளைத்தான் பிடித்தார்களா, ஒழுங்காக விசாரித்தார்களா, பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் தண்டனை ஒன்றாக விழுகிறதா என்பவை நியாயம் பற்றியவை. குற்றம் ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் அவனைக் கொல்ல அரசுக்கு உரிமை உண்டா என்பது அறம் பற்றியது. இந்த இரண்டையும் கலந்துவிட்ட கவிதைகள் வலுவிழந்து போகின்றன. குற்றமற்றவனைத் தூக்கிலிட்ட கதையை மட்டும் பாடினால், 'அப்படியானால் இன்னும் கவனமாக விசாரிப்போம்' என்று சொல்லி அரசு நகர்ந்துவிடும்.

நியாயம் பற்றிய கேள்வியைத் தமிழில் சிலப்பதிகாரத்தை விட ஆழமாக எழுப்பிய படைப்பு இல்லை. கண்ணகி சிலம்பை உடைக்கும் வழக்குரை காதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கோ அதற்கு முந்தைய கொலைக்களக் காதைதான், ஒரு தவறான தீர்ப்பு எந்தெந்தக் கைகளின் வழியாக உருவாகிறது என்பதைக் காட்டுவதில் இன்னும் நுட்பமானதாகப் படுகிறது. அரசி தலைநோய் என்று சொல்லி ஆடலரங்கிலிருந்து எழுந்து போய்விட, பாண்டியன் அவளைத் தேடி அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அந்த நேரத்தில் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிசையில் இருப்பதாகச் சொல்கிறான். அரசன் எதையும் ஆராயாமல், சிலம்பு அவன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று காவலருக்கு ஆணையிடுகிறான். பொருள் கையில் இருப்பதே குற்றத்துக்குச் சான்று, தீர்ப்பும் நிறைவேற்றமும் ஒரே வரியில்.

அதற்குப் பிறகு நடப்பதை இளங்கோ மெதுவாகச் சொல்கிறார். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இவன் தோற்றத்தைப் பார்த்தால் 'கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்குகிறான். அவற்றில் ஒன்றுகூடக் கோவலனைப் பற்றியதன்று. கள்வர் என்ற இனத்தைப் பற்றிய பொதுப் பேச்சு. ஆனால் அந்தப் பொதுப் பேச்சு எதிரில் நிற்கும் தனி மனிதனை மறைக்கப் போதுமானதாக இருக்கிறது. இளைய காவலன் ஒருவன் தான் முன்பு ஒரு திருடனிடம் ஏமாந்த கதையைச் சொல்கிறான். என்ன செய்வதென்று அவர்கள் தயங்கி நிற்கும்போதே, 'கல்லாக் களிமகன் ஒருவன்' தன் கையிலிருந்த வாளை வீசிவிடுகிறான். இன்றைய நீதிமன்றங்களில் இதே கட்டங்களை அடையாளம் காண அதிகம் முயல வேண்டியதில்லை. அவசரத்தில் இருக்கும் அதிகாரம், ஆதாயம் உள்ள சாட்சி, ஒரு கூட்டத்தாரைப் பற்றிய முன்முடிவு, தயங்கியும் தடுக்காத நல்லவர்கள், தயங்காத ஒருவன்.

அரசவையில் பாண்டியன் தரும் விளக்கம் அப்பட்டமான சட்ட வாதம்: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று, வெள்வேல் கொற்றம் காண்'. திருடனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது, அதுவே அரச நீதி என்கிறான். கண்ணகி அந்தச் சட்டத்தோடு வாதிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருடனைக் கொல்லலாமா என்று அவள் கேட்கவில்லை; என் கணவன் திருடன் அல்லன் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனை கொலைக்கு முன்பும் செய்யக்கூடியதாகவே இருந்தது. ஒரு சிலம்பை உடைக்கும் நேரம்தான் ஓர் உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது என்பதை அறியும்போது எழும் பதைப்பை எந்த மறுஆய்வு மனுவும் எனக்குத் தந்ததில்லை. பாண்டியன் உடனே விளங்கிக்கொள்கிறான். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி உயிர் விடுகிறான். பிரிட்டனில் 1950இல் தவறான தீர்ப்பால் தூக்கிலிடப்பட்ட திமோத்தி எவான்சுக்கு அரசு மன்னிப்பு வழங்கியது 1966இல். அரசுகள் பாண்டியனைப் போல் தம் தவறைத் தம் மேல் ஏற்றுக்கொள்வதில்லை. வழங்கப்படுவது செத்தவனுக்கு 'மன்னிப்பு'.

இதே காப்பியத்தில் நாம் பேசத் தயங்கும் ஓர் இடமும் உண்டு. பாண்டியனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வத்தின் சினம் தணிய, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களை உயிர்ப்பலி கொடுத்ததாக நீர்ப்படைக் காதை சொல்கிறது. ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு அவன் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். விசாரணை இல்லாத ஒரு கொலையை அத்தனை உருக்கமாகப் பாடிய காப்பியம், விசாரணை இல்லாத ஆயிரம் கொலைகளை ஒரு செய்தியாகக் கடந்து போகிறது. இதைச் சொல்வதால் சிலப்பதிகாரத்தின் பெருமை குறைந்துவிடாது. கவிதை எவனை அருகில் நிறுத்துகிறதோ அவனுக்கு மட்டுமே நம் மனம் கசிகிறது, நிறுத்தாமல் விட்டவர்கள் எண்ணிக்கையாகவே போகிறார்கள் என்ற உண்மை இதில் தெரிகிறது. தண்டனையை எதிர்க்கும் கவிதையைப் படிக்கும்போதும் அதற்கு வெளியே விடப்பட்டவர்கள் யார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

சங்கப் பாடல்களில் இன்னும் நேரடியான சான்றுகள் உள்ளன. அவை ஓர் உயிரைக் காப்பதற்காகவே பாடப்பட்டவை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடச் செய்தபோது கோவூர்கிழார் பாடி அவர்களைக் காப்பாற்றினார் என்று புறநானூற்று 46ஆம் பாட்டின் பின்னணியைக் கூறும் குறிப்பான கொளு சொல்கிறது. பாட்டு மிகச் சிறியது. நீயோ ஒரு புறாவின் துயரையும் பிறர் துயரையும் தீர்த்தவனின் வழியில் வந்தவன், இவர்களோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் இருப்பதைப் பகிர்ந்து உண்பவர்களின் குலத்தவர் என்று தொடங்கி, அடுத்த அடியிலேயே கண்முன் இருக்கும் காட்சிக்கு வந்துவிடுகிறார்:

களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்றலைச் சிறாஅர்

தங்களைக் கொல்வதற்காகக் கொண்டுவரப்பட்ட யானையைப் பார்த்த வியப்பில் அந்தக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்த அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு, சுற்றியிருக்கும் மன்றத்தை மருண்டு பார்க்கிறார்கள். அதுவரை அறியாத புதிய துன்பம் ஒன்று அவர்களுக்கு வருகிறது. கொலைக் கருவியை வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முகத்தை இத்தனை அருகில் காட்டிய பின் கோவூர்கிழார் எதையும் வற்புறுத்துவதில்லை. 'கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே': கேட்டுவிட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று நிறுத்திவிடுகிறார். இந்தக் கடைசி அடி பணிவாகத் தோன்றும். உண்மையில் இதைவிடக் கடுமையான சொல் அந்த அவையில் இருந்திருக்க முடியாது. பகை, குடிப்பெருமை, அரச வழக்கு என்று எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாதபடி முடிவை ஒரே மனிதனின் கையில் வைக்கிறது.

அடுத்த பாட்டும் அவருடையதே. உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது, பரிசிலரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவர் விளக்குகிறார். பறவை போல நெடுவழி கடந்து சென்று, தெரிந்தவாறு பாடி, கிடைத்ததில் மகிழ்ந்து, சுற்றத்துக்கு உணவளித்து வாழும் இந்தப் பிழைப்புக்குப் பிறருக்குத் தீங்கு செய்யத் தெரியுமா என்று கேட்கிறார். முதற்பாட்டு அறத்தைத் தொட்டது என்றால் இது நியாயத்தைத் தொடுகிறது. அரசன் ஐயப்பட்டதற்குக் காரணம் இளந்தத்தன் எதிரியான நலங்கிள்ளியிடமிருந்து வந்தான் என்பது மட்டுமே. ஒரு வாழ்க்கைமுறையை அறியாதவர்களுக்கு அதைச் சேர்ந்தவன் சந்தேகத்துக்குரியவனாகத் தெரிகிறான்.

அமெரிக்காவில் 1931இல் இதே அறியாமை பன்மடங்கு கொடிய வடிவில் வெளிப்பட்டது. அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டு, வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்களின் முன் சில நாட்களுக்குள் விசாரிக்கப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் சிறையில் அவர்களைச் சென்று பார்த்தார். அவர்களுக்காக 1932இல் வெளியிட்ட சிறு நூலில் தம் பழைய கவிதையான 'நீதி'யையும் சேர்த்தார். நான்கே வரிகள். நீதி ஒரு குருட்டுத் தேவதை என்பது கறுப்பர்களான எங்களுக்கு நன்றாகத் தெரியும், அவள் கண்கட்டுக்குப் பின்னால் இருப்பவை ஒருகாலத்தில் கண்களாக இருந்திருக்கக்கூடிய இரண்டு சீழ்ப்புண்கள் என்பது அதன் பொருள். நடுநிலையின் அடையாளமாக எல்லா நீதிமன்ற வாசல்களிலும் நிற்கும் சிலையின் கட்டை அவிழ்த்துக் காட்டுகிறது இந்தக் கவிதை. ஸ்காட்ஸ்பரோ இளைஞர்களில் எவரும் கடைசியில் கொல்லப்படவில்லை. அதைச் சாதித்தது நெடுங்காலம் நடந்த சட்டப் போராட்டமும் மக்கள் இயக்கமும்தான். கவிதை அந்த இயக்கத்துக்குள் இருந்த குரல்களில் ஒன்று, அவ்வளவே உரிமை கோரலாம்.

எண்களே போதுமே என்பவர்களுக்கு அதே நாட்டிலிருந்து ஒரு பதில் உண்டு. 1987இல், மரண தண்டனை பெற்ற மெக்கிளெஸ்கி என்பவரின் வழக்கில், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்ற ஆய்வு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த ஆய்வு செல்லும் என்று வைத்துக்கொண்டே, ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், அது போதாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெக்கிளெஸ்கி 1991இல் கொல்லப்பட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பின், தம் வாக்கை மாற்றிக்கொள்ள முடியுமானால் இந்த வழக்கில் மாற்றிக்கொள்வேன் என்று சொன்னார். புள்ளிவிவரம் கண்முன் இருந்தும் நெஞ்சில் இறங்காமல் போகும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்றை நான் அறியேன்.

கவிதை எப்போதும் தண்டனைக்கு எதிரணியில்தான் நின்றிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் எல்லோருக்கும் தெரியும்:

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்

பயிரைக் காக்கக் களை எடுப்பதைப் போன்றது கொடியவர்களை அரசன் ஒறுப்பது. பரிமேலழகர் இதைக் கொலைத் தண்டனை என்றே கொள்கிறார். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, 'ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்று அளவும் சொன்ன வள்ளுவர் இந்த உவமையை ஏன் இங்கே வைத்தார் என்பது பெரிய விவாதம். எனக்கு இங்கே முதன்மையாகப் படுவது உவமையின் ஆற்றல். களைக்குத் தாய் இல்லை, விசாரணையில் தவறு நேர வழியில்லை, நாளை அது பயிராக மாறவும் முடியாது. இவ்வளவையும் ஒரு சொல் பேசாமல் பேசிவிடுகிறது. மரண தண்டனையை ஆதரிக்கும் அன்றாடப் பேச்சும் இத்தகைய உவமைகளின் மேல்தான் நிற்கிறது: புற்றுநோய், நச்சுப்பாம்பு, வெறிநாய். ஆகவே கவிதை இந்த விவாதத்துக்குள் வெளியிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுவருகிறது என்பது சரியன்று. உவமை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதை எதிர்கொள்ள இன்னோர் உவமை வேண்டும்.

அமெரிக்கக் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே அப்படிப்பட்ட ஒன்றை எழுதினார். இத்தாலியிலிருந்து குடியேறிய அராஜகவாதிகளான சாக்கோ, வான்செட்டி இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக 1927 ஆகஸ்ட் 23 அன்று மின் நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காகப் பாஸ்டனில் ஊர்வலம் சென்று கைதானவர்களில் மில்லேயும் ஒருவர். ஆளுநரை நேரில் சந்தித்தும் வேண்டினார். தண்டனைக்கு முன்தினம் நியூயார்க் டைம்ஸில் வெளிவந்த அவருடைய கவிதை, தோட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முன்னறையில் உட்கார்ந்துகொள்வோம் என்று தொடங்குகிறது. இந்த மேகத்தின் கீழே இனி எதுவும் விளையாது. முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை இனிய உழவுச் சால்களும் அடக்கப்பட்ட களையும். இப்போதோ நத்தையும் பூஞ்சணமும் கொள்ளையிடுகின்றன, களையின் தண்டில் பட்டு நம் மண்வெட்டிகளின் அலகு வளைகிறது. குறளில் கொல்வது களையெடுப்பு. மில்லேயின் கவிதையில் அநீதியான கொலைதான் களை மண்டுவதற்குக் காரணம். சாக்கோவோ வான்செட்டியோ அந்தக் கவிதையில் பெயரால்கூட வருவதில்லை. தண்டனை யாருக்கு நடந்ததோ அவர்களை விட்டுவிட்டு, அதை நடக்க விட்டவர்களின் வீட்டு முன்னறையைக் காட்டுகிறது. 1977இல் அம்மாநில ஆளுநர் டுகாக்கிஸ், அவ்விருவருக்கும் நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று பிரகடனம் செய்தார். அதற்கு 50 ஆண்டுகள் ஆயின.

இனி அறம் பற்றிய கடினமான கேள்வி. குற்றம் செய்தவனே என்றால்? இதில் எனக்கு வழிகாட்டிகள் மூவர்.

பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா வியோன் திருட்டிலும் அடிதடியிலும் பேர்போனவர். 1462இல் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1463 ஜனவரியில் அது பாரிசிலிருந்து 10 ஆண்டு வெளியேற்றமாகக் குறைக்கப்பட்டது, அதன் பிறகு அவரைப் பற்றிய தகவலே இல்லை. அந்தக் காத்திருப்பில் எழுதியதாகக் கருதப்படும் கவிதையில் தூக்கில் தொங்கும் பிணங்கள் பேசுகின்றன. எங்களுக்குப் பின் வாழும் மனித சகோதரர்களே, எங்கள் மேல் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளாதீர்கள் என்கின்றன. மழை எங்களைக் கழுவியது, வெயில் உலர்த்திக் கறுப்பாக்கியது, காக்கைகள் கண்களைக் குடைந்தன, தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானை விட அதிகக் குழிகள் எங்கள் உடலில் என்று அவை சொல்லும்போது அதில் முறையீடு இல்லை. நாங்கள் குற்றமற்றவர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. நீதியால் கொல்லப்பட்டோம் என்று ஒப்புக்கொண்டே, ஆனாலும் உங்களைச் சகோதரர்கள் என்று அழைக்கிறோம், அதை இழிவாக எண்ணாதீர்கள் என்கிறார்கள். குற்றவாளி என்ற சொல்லால் ஒருவனை மனித வரிசையிலிருந்து நீக்கிவிட முடியுமா என்பதே கேள்வி. அங்குஸ்தான் போன்ற ஓர் அன்றாடப் பொருளை அந்த உடலின் மேல் வைத்த துணிச்சலால்தான் அந்தக் கேள்வி ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் மேல் விழுகிறது.

எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு இங்கிலாந்தின் ரெடிங் சிறையில் கைதியாக இருந்தபோது, 1896 ஜூலை 7 அன்று, மனைவியைக் கொன்ற சார்லஸ் தாமஸ் வூல்ட்ரிட்ஜ் என்ற படைவீரன் அங்கே தூக்கிலிடப்பட்டான். 1898இல் வெளிவந்த வைல்டின் நெடும் பாடலில் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய சிறையறை எண் மட்டும் இருந்தது. அந்த மனிதன் கொலை செய்தான் என்பதைப் பாடல் முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறது. பிறகு, 1868இல் பொதுவிடத் தூக்கை நிறுத்திய பின் பிரிட்டன் சுவருக்குள் மறைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிறது. தோட்டக்காரனின் கையுறை அணிந்து வரும் தூக்கிலிடுவோன், மூன்று தோல் வார்கள், கடிகாரத்தை விரலால் தடவிக்கொண்டு கைதியின் ஒவ்வொரு நடுக்கத்தையும் குறித்துக்கொள்ளும் மருத்துவர். எல்லாம் முடிந்த பின் காவலர்கள் ஞாயிற்றுக்கிழமை உடையில் மிடுக்காக நடக்கிறார்கள். சீருடை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அவர்கள் என்ன வேலை செய்துவிட்டு வந்தார்கள் என்பது பூட்சில் ஒட்டியிருந்த சுண்ணாம்பிலிருந்து எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்கிறார் கைதி. பிணத்தின் மேல் கொட்டிய சுண்ணாம்பு அது. சட்டம் சரியா தவறா என்று எனக்குத் தெரியாது, சிறைக்குள் கிடக்கும் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் வலுவானது என்பதே என்று வைல்டு சொல்லும் இடமும் உண்டு. வாதத்திலிருந்து ஒதுங்கி நிற்பதாகக் காட்டிக்கொண்டே அந்தச் சுண்ணாம்பைக் காட்டிவிட்டதுதான் அந்தப் பாடலின் வாதம்.

மூன்றாவது, ஆங்கிலக் கவிஞர் ஹவுஸ்மன் 1922இல் வெளியிட்ட 'எட்டு மணி'. மொத்தம் எட்டு வரிகள். கட்டப்பட்டு, சுருக்கு மாட்டப்பட்டு நிற்கும் ஒருவன், கோபுரக் கடிகாரம் கால் மணிகளை ஊரின் மேல் தூவுவதை எண்ணிக்கொண்டிருக்கிறான், தன் விதியைச் சபிக்கிறான். பிறகு கடிகாரம் தன் வலிமையைத் திரட்டிக்கொண்டு அடிக்கிறது. கவிதை அங்கே நின்றுவிடுகிறது. அவன் என்ன செய்தான், நல்லவனா கெட்டவனா எதுவும் தெரியாது. தெரிவது ஒன்றே: தன் சாவின் நிமிடத்தை முன்கூட்டி அறிந்து அதை எண்ணும் நிலை. கொலைகாரன்கூடத் தன் இரைக்கு இதைச் செய்வது அரிது. வழக்கு மன்றங்களும் இந்தக் காத்திருப்பின் கொடுமையைப் பின்னாளில் ஒப்புக்கொண்டன. 1993இல் ஜமைக்கா வழக்கொன்றில், அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும், 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும், நீண்ட தாமதத்துக்குப் பின் ஒருவரைத் தூக்கிலிடுவது மனிதத்தன்மைக்கு மாறானது என்று தண்டனையைக் குறைத்தன. ஆனால் அவை ஆண்டுகளைக் கணக்கிட்டன; ஹவுஸ்மன் கடைசிக் கால் மணி நேரத்தைக் கணக்கிட்டார்.

இம்மூவரோடு ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் வேகமாகக் குறைக்கப்பட்டு வந்த காலத்தில், தண்டனையை ஆதரித்து அவர் பதினான்கு அடிக் கவிதைகளான சானட்டுகள் 14 எழுதினார். அவை 1841இல் வெளிவந்தன. முதலாவது, லாங்காஸ்டர் கோட்டைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் அதன் கோபுரங்களை முதன்முதலில் பார்க்கும் மேட்டில் தொடங்குகிறது. மக்கள் அதற்கு அழுகை மேடு என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு அருமையான தொடக்கம்! ஆனால் அங்கிருந்து அவர் அரசு, கடமை, மறுமை என்று மேலே மேலே ஏறிவிடுகிறார், அந்த மேட்டில் நின்று அழுதவர்களில் ஒருவனும் மற்றக் கவிதைகளில் தனி முகத்தோடு வருவதில்லை. எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு உண்டு. ஆயினும் அந்த மேட்டில் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தால் அந்தத் தொகுப்பை அவரால் எழுதி முடித்திருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

கோவூர்கிழாருக்கு எதிரில் ஓர் அரசன் இருந்தான். இன்று அந்த இடத்தில் யார்? தீர்ப்புகள் மக்களின் பெயரால், சமூகத்தின் மனசாட்சியின் பெயரால் எழுதப்படுகின்றன. இந்த மாற்றத்தைத் தமிழில் முன்னதாக உணர்ந்து எழுதியவர் பாரதிதாசன். வடமொழிக் கவிஞன் பில்கணனின் கதையைத் தழுவி 1937இல் வெளிவந்த புரட்சிக்கவியில், இளவரசி அமுதவல்லியைக் காதலித்ததற்காகக் கவிஞன் உதாரனுக்கு மன்னன் கொலைத் தண்டனை விதிக்கிறான். கொலைக்களத்தில் கடைசிப் பேச்சுக்கு இடம் கிடைத்ததும் உதாரன் மன்னனிடம் மன்றாடுவதில்லை. 'பேரன்பு கொண்டவரே, பெரியோரே, என் பெற்ற தாய்மாரே' என்று கூடியிருக்கும் மக்களை விளிக்கிறான். தமிழறிந்ததால் அரசன் என்னை அழைத்தான், தமிழ்க்கவி என்று அவள் காதலித்தாள், இந்தத் தமிழே என் உயிர் அழியக் காரணமானது என்று சமுதாயம் நினைத்திடுமோ, 'என் தாய்மொழிக்குப் பழிவந்தால் சகிப்பதுண்டோ' என்று கேட்கிறான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அந்தக் கணத்தில் பொறுப்பாளியாகிறது, எழுகிறது. நிஜ வாழ்வில் கூட்டம் இப்படி எழுவது அரிது, பல நேரங்களில் தூக்குக்காகக் கோஷமிடுவதும் அதுவே. ஆயினும் யாரிடம் பேச வேண்டும் என்பதைப் பாரதிதாசன் சரியாகவே கண்டுகொண்டார்.

ஆட்சியாளர்களுக்கும் கவிதையின் இந்த வலிமை தெரியும். அஷ்ரஃப் ஃபயாத் என்ற பாலஸ்தீனக் கவிஞருக்குச் சவூதி அரேபிய நீதிமன்றம் 2015இல் அவருடைய கவிதைகளின் பேரிலேயே மதத் துறப்புக் குற்றம் சாட்டி மரண தண்டனை விதித்தது. பல நாட்டு எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு அது எட்டாண்டுச் சிறையாகவும் 800 கசையடிகளாகவும் மாற்றப்பட்டது.

கடைசியாக, மிக வலுவான எதிர்ப்பு. கொல்லப்பட்டவருக்காக யார் பாடுவது? மகளை இழந்த தாயிடம் போய், அவளைக் கொன்றவனின் கடைசி இரவைப் பற்றிய கவிதையைப் படித்துக் காட்ட முடியுமா? இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் கவிதையை நான் மதிப்பதில்லை. வைல்டின் பாடலுக்கே இந்தக் குறை உண்டு. தெருவில் நடந்த கொலையைப் படுக்கையில் நடந்ததாக அவர் மாற்றினார். இரத்தத்தின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, நீலச் சீருடை அணியும் படையைச் சேர்ந்தவனைச் செஞ்சட்டைக்காரன் ஆக்கினார். அது கவிஞரின் உரிமை என்று விடலாம். ஆனால் கொலையுண்ட பெண் அதில் 'அவன் நேசித்தவள்' என்பதற்கு மேல் ஒரு மனுஷியாக வரவேயில்லை என்பதை அவ்வாறு விட முடியாது. எல்லோரும் தாம் நேசிப்பதைக் கொல்கிறார்கள் என்ற புகழ்பெற்ற வரி, அவளுடைய சாவை உலகப் பொதுவான சோகமாக்கிக் கரைத்துவிடுகிறது.

கொன்றவன் சாவதால் கொல்லப்பட்டவர் திரும்புவதில்லை என்று சொல்வது எளிது. இழந்தவர்களின் சினத்துக்கு அது பதிலாகாது. அந்தச் சினத்துக்கும் கவிதையில் இடம் தர வேண்டும், அதை இழிவுபடுத்தாமல். தூக்குமேடை ஒவ்வொரு முறையும் இரண்டாவதாக ஒரு வீட்டில் சாவு விழச் செய்கிறது, அந்த வீட்டில் இருப்பவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் என்பதைக் கவிதை காட்டலாம், காட்டியிருக்கிறது. ஆனால் முதல் வீட்டைக் கடந்து நேராக இரண்டாவது வீட்டுக்குப் போகக் கூடாது. ஆகவே இந்தப் பொருளில் எழுதப்பட்ட புதிய கவிதை எதுவும் என் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, அதில் கொலையுண்டவர் ஓர் ஆளாக இருக்கிறாரா, தூக்கிலிடப்படுபவன் செய்தது மறைக்கப்படாமல் சொல்லப்பட்டிருக்கிறதா, இந்த இரண்டையும் வைத்துக்கொண்ட பிறகும் அது அவனைக் கொல்ல வேண்டாம் என்று சொல்கிறதா என்பவற்றைத்தான்.